இணையத்தில் சரியாகத் தேடுவது எப்படி? பெட்டியில் தட்டுவதற்கு முன்பிருந்து பதிலைச் சரிபார்ப்பது வரை

"அப்பா சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா?" என்று கூகுளில் தட்டினால் பதில் வராமல் போகாது. வீடியோ வரும், வக்கீல்கள் எழுதிய கட்டுரை வரும், செய்தித்தாள் பக்கம் வரும். இப்போது எல்லாவற்றுக்கும் மேலே ஏஐ எழுதிய சுருக்கமும் வருகிறது. சிக்கல் என்னவென்றால், இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 2017 வாக்கில் எழுதிய கட்டுரை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை என்று சொல்லும். 2021-இல் எழுதியது, அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லும். இரண்டையும் எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். இடையில் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2015-இல் பூலவதி வழக்கில் தானே சொன்னதை மாற்றிவிட்டது.

ஒரு பெண்ணுக்குப் பங்கு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் எந்தப் பக்கத்தை முதலில் படித்தோம் என்பதைப் பொறுத்து அமைந்துவிடக் கூடாது. அதனால்தான் தேடுவதைக் கொஞ்சம் கவனமாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நான் நம்பும் முறை எளிமையானது: விடை எந்த மாதிரி ஆவணத்தில் இருக்கும், அதை எழுதியவர் என்ன சொற்களைப் போட்டிருப்பார், அது எந்தத் தேதிக்குப் பிறகு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று முதலிலேயே ஊகித்துக்கொண்டு பெட்டிக்குப் போவது. தேடுபொறி எவ்வளவு மாறினாலும் இந்த மூன்று கேள்விகளும் மாறவில்லை. மேலே உள்ள சொத்துக் கேள்வியையே வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போகலாம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமலும் தேடலாம். ஆனால் தெரிந்துகொண்டால், கிடைக்காதபோது ஏன் கிடைக்கவில்லை என்று புரியும்.

தேடுபொறி நாம் கேட்கும்போது இணையம் முழுவதையும் ஓடிப் பார்ப்பதில்லை. அதன் நிரல்கள் ஏற்கெனவே ஒவ்வொரு இணைப்பாகப் பின்தொடர்ந்து போய்ப் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அடைவு போட்டு வைத்திருக்கின்றன. தமிழில் இந்த வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் இலக்கியத்துக்கு ஒரு சொல்லடைவு வெளியிட்டது. ஒரு சொல்லை எடுத்தால் அது எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று பார்த்துவிடலாம். தேடுபொறியின் அடித்தளம் இன்றும் அப்படிப்பட்ட ஓர் அடைவுதான்.

இதிலிருந்து உடனே ஒரு விஷயம் தெரிகிறது. இணைப்பைப் பின்தொடர்ந்து போய்ச் சேர முடியாத இடத்தில் இருப்பது அடைவில் ஏறாது. பட்டா, வில்லங்கச் சான்று போன்றவை இப்படித்தான். அரசுத் தளத்துக்குள் போய் மாவட்டம், வட்டம், சர்வே எண் எல்லாம் கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கமே உருவாகிறது. கூகுளில் எத்தனை விதமாகத் தட்டினாலும் உங்கள் நிலத்தின் பட்டா முடிவுகளில் வராது. தளத்தைக் கண்டுபிடிக்கத்தான் கூகுள். மிச்சத்தை அந்தத் தளத்துக்குள்தான் தேட வேண்டும்.

வரலாறும் சுருக்கமாக வேண்டும். 1990-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் செய்த ஆர்ச்சி, கோப்புகளின் பெயரை மட்டும்தான் தேடியது. 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தொடங்கிய யாஹூ, மனிதர்கள் கையால் வகைப்படுத்திய பட்டியல். 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டாதான் பக்கங்களின் முழு உரையையும் பெரிய அளவில் வேகமாகத் தேடிக் காட்டியது. ஆனால் ஒரு சொல்லுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்தால் எதை மேலே வைப்பது? 1998-இல் நிறுவனமான கூகுள் அதற்குப் பேஜ்ரேங்க் என்ற வழியைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, இணைப்புக் கொடுப்பவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவது அது.

அதற்கும் பல வருடம் முன்பு, 1972-இல், கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் சொன்ன ஒரு கருத்து எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு எடை அதிகம் என்பதுதான் அது. தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் கிடையாது. "சொத்து" என்ற சொல் எங்கும் இருக்கும். "கூட்டுப்பங்குரிமை" (பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்குரிமை) சில பக்கங்களில்தான் இருக்கும், அந்தப் பக்கங்கள்தான் நமக்கு வேண்டும்.

படி 1: விடை எங்கே இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

ஆண்ட்ரே ப்ரோடர் 2002-இல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக வேண்டும், ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏதோ ஒரு வேலையை முடிக்க வேண்டும். இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். மின் கட்டணம் கட்டப் போகிறவருக்கு மின் கட்டணத்தைப் பற்றிய கட்டுரை தேவையில்லை, சரியான தளம்தான் தேவை.

சொத்துக் கேள்வி இரண்டாவது வகை. விடை எங்கே இருக்கும்? சட்டத்தின் வாசகத்தில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், அப்புறம் அவற்றை விளக்கும் கட்டுரைகளில். சட்ட வாசகத்துக்கு மத்திய அரசின் இந்தியா கோட் தளம் இருக்கிறது, தீர்ப்புகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் தளமும் தீர்ப்புகளைத் தேடித் தரும் இந்தியன் கானூன் என்ற தளமும் இருக்கின்றன. இந்த இடங்கள் தெரிந்தவர் பத்து கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டியதில்லை.

எங்கே இருக்கும் என்று தெரியாத விஷயமாக இருந்தால், முதல் தேடலை இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். "இந்து வாரிசுரிமை எந்தச் சட்டம்" என்று கேட்டு, சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் எடுத்துக்கொண்டு, இரண்டாவது தேடலை அவற்றோடு தொடங்குங்கள். முதல் முறையிலேயே முடிவான பதிலை எதிர்பார்ப்பதுதான் பலரும் சறுக்கும் இடம்.

படி 2: கேள்வியின் சொல்லை விட்டு, பதிலின் சொல்லுக்கு வாருங்கள்

நாம் "அப்பா சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா" என்று கேட்கிறோம். பதில் எழுதியவர் "இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 6, 2005 திருத்தம், பூர்வீகச் சொத்து, சுயசம்பாத்தியம், பாகப்பிரிவினை" என்று எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் எழுதியவர், கூட்டுப்பங்குரிமை உள்ளவரைக் குறிக்கும் "கோபார்சனர்" என்ற சொல்லைப் போடாமல் இருக்க முடியாது. அந்தச் சொல்லையும் "2005 அமெண்ட்மெண்ட்" என்பதையும் ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தட்டினால் முடிவுகளின் தரமே மாறிவிடும்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து கிடைக்கும்? முதல் தேடலில் வந்த ஏதாவது ஒரு நல்ல பக்கத்திலிருந்துதான். ஒரு கட்டுரையைத் திறந்து, அதில் உங்களுக்குத் தெரியாத துறைச் சொல் எது என்று பாருங்கள். அதை எடுத்து அடுத்த தேடலில் போடுங்கள். மருத்துவம், விவசாயம், வாகனப் பழுது எல்லாவற்றிலும் இதே வழிதான். இலையில் சுருட்டை என்று தட்டிய விவசாயிக்கு, அந்த நோயின் பெயர் ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த தேடல் நேராக வேளாண் பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்கே கொண்டுபோகும்.

இப்போதைய தேடுபொறிகள் சொல்லைத் தாண்டிப் பொருளையும் பார்க்கின்றன என்பது உண்மை. கூகுள் 2019 அக்டோபரில் பெர்ட் என்ற மொழி மாதிரியை (மொழியைப் புரிந்துகொள்ளப் பயிற்றுவித்த நிரலை) தேடலில் சேர்த்தபோது ஓர் உதாரணம் காட்டியது. பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பயணிக்கு விசா வேண்டுமா என்ற கேள்விக்கு, அதற்கு முன்பு அமெரிக்கர்கள் பிரேசில் போவதைப் பற்றிய பக்கம் வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து எங்கே என்று காட்டும் சின்னச் சொல்லை இயந்திரம் கணக்கில் எடுக்கவில்லை. பெர்ட் எடுத்தது. தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபுதான் செய்கிறது. அதனால் திசை, உடைமை, செய்தவர் யார் என்பது முக்கியமான கேள்விகளில் "சென்னையிலிருந்து மதுரைக்கு" என்று உருபோடு முழு வாக்கியமாகவே தட்டுங்கள். மற்ற இடங்களில் பெயர்ச்சொல்லை உருபில்லாமல் தட்டுவது நல்லது. "மரத்தில்", "மரங்களை", "மரம்" மூன்றுக்கும் முடிவுகள் வேறு வேறாக வருவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

படி 3: தமிழில் தட்டும்போது

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன். தமிழில் எழுதியது இணையத்தில் இருந்தும் கிடைக்காமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன.

ஔவையாரை எடுத்துக்கொள்ளுங்கள். "ஔவையார்" என்று ஔ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டு எழுதலாம். பலர் ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு "ஒளவையார்" என்று எழுதியிருப்பார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இவை இரண்டும் வேறு சொற்கள். "அவ்வையார்" மூன்றாவது. ஸ்ரீ என்ற எழுத்தும் இப்படித்தான். ஸ-வில் தொடங்கும் குறியீட்டு வரிசையிலும் அதை எழுதலாம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் பிற்பாடு சேர்க்கப்பட்ட ஶ-வில் தொடங்கும் வரிசையிலும் எழுதலாம், திரையில் ஒன்றுபோலவே இருக்கும். பெரிய தேடுபொறிகள் இதில் சிலவற்றைச் சமாளித்துவிடும். ஒரு பிடிஎஃப் கோப்புக்குள் கண்ட்ரோல் எஃப் அழுத்தித் தேடும்போதோ, ஒரு சின்ன நூலகத்தின் தளத்துக்குள் தேடும்போதோ சமாளிக்காது. "இல்லை" என்று சொன்னால் உடனே நம்பிவிடாமல் வேறு வடிவத்தில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

சந்தியும் அப்படியே. "தமிழ்நாட்டுப் பாடநூல்" என்று ஒருவர் எழுதுவார், "தமிழ்நாட்டு பாடநூல்" என்று இன்னொருவர் எழுதுவார். மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் ஒன்று மற்றொன்றைத் தவறவிடலாம். தமிழில் மேற்கோள் குறிக்குள் நீண்ட தொடர்களைப் போடாமல், சந்தி விழாத இரண்டு மூன்று சொற்களை மட்டும் போடுவது என் பழக்கம்.

பழைய பக்கங்களின் கதை வேறு. யூனிகோட் பரவுவதற்கு முன்பு தமிழ்த் தளங்கள் திஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல குறியாக்கங்களில் எழுதின. அவற்றில் சில, உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டுத் திரையில் மட்டும் தமிழாகத் தெரிபவை. தேடுபொறிக்கு அவை பொருளற்ற ஆங்கிலக் கலவை. தமிழ்நாடு அரசு 2010-இல்தான் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய அரசு ஆவணங்கள், சிற்றிதழ்கள், ஈழத்து இதழ்கள் பலவற்றின் கோப்புகள் இன்னும் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன.

கையில் ஒரு தமிழ் பிடிஎஃப் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அந்தக் கோப்புக்குள் தேடலாம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பழைய எழுத்துரு. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் ஸ்கேன் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருக்கும் தமிழை எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். எழுத்துப் பிழைகள் இருக்கும். ஆனாலும் சில பக்கங்களுக்குள் ஒரு பெயர் எங்கே வருகிறது என்று பார்க்க அதுவே போதும்.

ஊர்ப்பெயரைத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாத்தா பாட்டி காலத்து ஊர் விவரம் வேண்டுமென்றால், இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டினால் போதாது. பிரிட்டிஷ் ஆவணங்களில் திருநெல்வேலி "டின்னவெல்லி", தஞ்சாவூர் "டாஞ்சூர்", திருச்சி "ட்ரிச்சினாப்பொலி", நாகப்பட்டினம் "நெகபடம்", தரங்கம்பாடி "ட்ராங்க்விபார்". 1917-இல் எச். ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியரை (மாவட்டத்தின் விவரத் தொகுப்பு நூலை) இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் கைக்கு வருவது கஷ்டம். அன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஸ்கேனாகக் கிடைக்கும் இந்த வகை நூல்கள் வரிசையாக வரும்.

தமிழ் நூல்களுக்கு நேராகப் போக வேண்டிய இடங்கள் சில உண்டு. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், தமிழ் விக்கிமூலம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியை முழுவதும் தேடும்படி வைத்திருக்கும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அகராதித் தளம். இவற்றில் உள்ள பல நூல்கள் ஸ்கேன் படமாக இருப்பதால் உள்ளே இருக்கும் வரிகள் கூகுளுக்குப் பெரும்பாலும் தெரியாது. தலைப்பும் ஆசிரியர் பெயரும்தான் தெரியும். ஆகவே வரியை வைத்துத் தேடாமல், அந்த வரி எந்த நூலில் இருக்கும் என்று யோசித்து நூலைத் தேடுங்கள்.

படி 4: சில குறிகளைப் பழகிக்கொள்ளுங்கள்

இங்கே வரும் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடக் கூடாது.

அதிகம் பயன்படுவது "சைட்:" என்பது. அதன் பின்னால் ஒரு தளத்தின் முகவரியைப் போட்டால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். அரசுத் தகவலுக்கு "கவ் டாட் இன்" என்று முடியும் முகவரியைப் போட்டாலே பெரும்பாலான அரசுத் தளங்களுக்குள்ளும் தேடிவிடும். அரசு பெயரில் கட்டணம் பறிக்கும் போலித் தளங்கள் ஒரே அடியில் விலகிவிடும். பல அரசுத் தளங்களின் சொந்தத் தேடல் பெட்டியைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்பது என் கருத்து.

"ஃபைல்டைப்:" என்று போட்டுப் பிடிஎஃப் என்று சேர்த்தால் அந்த வகைக் கோப்புகள் மட்டும் வரும். அரசாணை, பாடத்திட்டம், ஆய்வறிக்கை, வாகனக் கையேடு எல்லாம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கின்றன. வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறியை ஒட்டிப் போட்டால் அந்தச் சொல் வரும் பக்கங்கள் விலகும். ஒரே பெயரில் ஊரும் திரைப்படமும் இருக்கும்போது இது கைகொடுக்கும்.

மேற்கோள் குறிக்கு இன்று முன்னைவிட மதிப்புக் கூடியிருக்கிறது. பொருளைப் பார்த்துத் தேடும் புதிய முறை, தூக்கம் வரவில்லை என்று தட்டினால் உறக்கமின்மை பற்றிய பக்கத்தையும் கொண்டுவரும். நல்லதுதான். ஆனால் அதே முறை, ஒரு உதிரிபாகத்தின் எண், ஒரு அரசாணை எண், ஒரு பிழைச் செய்தி, அதிகம் அறியப்படாத ஒருவரின் பெயர் ஆகியவற்றில் "ஏறக்குறைய இதுதானே" என்று வேறொன்றைக் கொண்டுவந்துவிடும். எழுத்துக்கு எழுத்து அதேதான் வேண்டுமென்றால் மேற்கோள் குறி போடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் கூகுளின் கருவிகள் பட்டியலில் இருக்கும் வெர்பேட்டிம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: தேதியைக் கட்டுப்படுத்துங்கள்

"ஆஃப்டர்:2020-08-11" என்று சேர்த்தால் அந்தத் தேதிக்குப் பிறகு வெளியானவை மட்டும் வரும். "பிஃபோர்:" அதற்கு நேரெதிர்.

சொத்துக் கேள்வியில் இந்த ஒரே கட்டளை என்ன செய்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு 1989-இலேயே, மத்திய அரசுக்கு முன்பாகவே, மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்துத் திருத்தம் செய்தது. ஆனால் அந்தத் திருத்தம் அமலுக்கு வரும் முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. 2005-இல் மத்தியத் திருத்தம் வந்தது, அதில் கல்யாணத்தை வைத்துப் பாகுபாடு இல்லை. 2015-இல் பூலவதி தீர்ப்பு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. 2020 தீர்ப்பு, உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று இருந்தாரா என்பது பொருட்டல்ல என்றது. ஆக நான்கு காலகட்டம், நான்கு விதமான பதில். தேதியை 2020 ஆகஸ்டுக்குப் பின் என்று கட்டினால் பழைய மூன்றும் பெரும்பாலும் ஒதுங்கிவிடும்.

"பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கட்டுரையைச் சின்னதாகத் திருத்திப் புதுத் தேதி போடும் தளங்கள் ஏராளம். அதனால் பக்கத்தின் தேதியை மட்டும் நம்பாமல், உள்ளே "வினீதா சர்மா" என்ற பெயர் வருகிறதா என்று கண்ட்ரோல் எஃப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்தக் கட்டுரை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் உங்களுக்குப் பயன்படாது. எந்தத் துறையிலும் இப்படி ஒரு அடையாளம் இருக்கும்: கடைசியாக மாறிய விதியின் பெயர் அல்லது எண். அதைத் தெரிந்துகொண்டு சோதிப்பதைவிட வேகமான வடிகட்டி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 6: ஏஐ பதிலை எப்படி எடுத்துக்கொள்வது

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பிங் தேடலில் உரையாடும் வசதியைச் சேர்த்தது. 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும் கூகுள் முடிவுகளின் உச்சியில் ஏஐ சுருக்கம் வரத் தொடங்கியது. முப்பது வருடமாக எந்தப் பக்கத்தைப் படிக்கலாம் என்று காட்டிக்கொண்டிருந்த இயந்திரம், இப்போது படித்துவிட்டு வந்து தானே பேசுகிறது.

நடப்பது இதுதான்: உங்கள் கேள்வியை வைத்து முதலில் வழக்கம்போலச் சில பக்கங்கள் எடுக்கப்படுகின்றன. பிறகு ஒரு மொழி மாதிரி அவற்றைப் படித்து விடையாகக் கோத்து எழுதுகிறது. எடுத்த பக்கம் தவறாக இருந்தால் விடையும் சரளமாகவே தவறாக இருக்கும். 2024 மே மாதத்தில், பீட்சாவில் சீஸ் நழுவாமல் இருக்க சாஸில் பசையைக் கலக்கலாம் என்று கூகுளின் சுருக்கம் சொன்னது உலகம் முழுக்கப் பரவியது. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் பதினொரு வருடம் முன்பு யாரோ விளையாட்டாக எழுதிய ஒரு வரியிலிருந்து வந்த பதில் அது. பசை விஷயத்தில் யாரும் ஏமாறப் போவதில்லை. மருந்தளவு, வழக்குத் தாக்கல் செய்யும் கெடு, வயலில் அடிக்கும் பூச்சிமருந்தின் அளவு போன்றவற்றில் தவறு இப்படிப் பளிச்சென்று தெரியாது. அதுதான் கவலை.

நான் பரிந்துரைக்கும் முறை இது. ஏஐ-யை வழிகாட்டியாகப் பயன்படுத்துங்கள், சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "மகளுக்குப் பங்கு உண்டா" என்று கேட்பதைவிட, "இந்த விஷயத்தில் எந்தச் சட்டப் பிரிவும் எந்தத் தீர்ப்புகளும் பொருந்தும், கடைசியாக எப்போது மாறியது" என்று கேளுங்கள். வரும் பெயர்களை எடுத்துக்கொண்டு போய் மூல ஆவணத்தில் பாருங்கள். இல்லாத தீர்ப்புகளை இருப்பதுபோல ஏஐ எழுதிக் கொடுக்க, அவற்றை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 2023-இல் நியூயார்க்கில் அபராதம் விழுந்தது. ஆகவே பெயர் வந்தால் மட்டும் போதாது, அந்தப் பெயரில் ஒரு தீர்ப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று திறந்து பார்த்தாக வேண்டும்.

சுருக்கத்தின் பக்கத்தில் இருக்கும் இணைப்பை அழுத்தி, சுருக்கம் சொல்வதை அந்தப் பக்கம் உண்மையில் சொல்கிறதா என்று பாருங்கள். சில சமயம் பக்கம் "நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று சொல்லியிருக்கும், சுருக்கத்தில் நிபந்தனை உதிர்ந்திருக்கும். சொத்துக் கேள்வியில் உதிரக்கூடிய நிபந்தனைகள் முக்கியமானவை: 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினையை 2005 திருத்தம் தொடாது; அப்பா தானே சம்பாதித்த சொத்தை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். இந்த இரண்டும் இல்லாத பதில் பாதிப் பதில்தான்.

தமிழில் கேட்பதா ஆங்கிலத்தில் கேட்பதா என்றும் பலர் கேட்கிறார்கள். உள்ளூர் நடைமுறை, தமிழ் இலக்கியம், தமிழ்நாட்டு அரசுத் திட்டங்கள் என்றால் தமிழில் கேளுங்கள். சட்டம், மருத்துவம், தொழில்நுட்பத்தில் மூல ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், கேள்வியைத் தமிழில் எழுதி "ஆங்கில மூலங்களைப் பார்த்துத் தமிழில் பதில் சொல்" என்று சேர்த்துவிடுங்கள். இரண்டு மொழியிலும் கேட்டுப் பதில்கள் முரண்பட்டால், அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத்தான் நீங்கள் தோண்ட வேண்டும்.

ஏஐ சுருக்கமே வேண்டாம், பழையபடி இணைப்புகள் போதும் என்பவர்களுக்கு, கூகுளில் முடிவுகளுக்கு மேலே உள்ள பட்டியலில் "வெப்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. "மேலும்" என்பதற்குள் ஒளிந்திருக்கலாம்.

படி 7: படம், குரல், வீடியோ

வாட்ஸ்அப்பில் வரும் வெள்ளப் படம் இந்த வருடத்தியதா என்று பார்க்க, கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ அந்தப் படத்தை ஏற்றுங்கள். டின்ஐ-யில் பழையது முதலில் என்று வரிசைப்படுத்தலாம். அதே படம் ஐந்து வருடம் முன்பே வந்திருந்தால் விஷயம் முடிந்தது. குரலில் தமிழ் தட்டச்சு 2017 முதல் கூகுளில் இருக்கிறது. எழுத்துக்கூட்டல் தெரியாத பெரியவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் அது எப்படி எழுதிக்கொண்டது என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சாப்பாட்டுக்கு நல்ல இடம் தேட இளைஞர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் கூகுளுக்கு வராமல் டிக்டாக்குக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ போகிறார்கள் என்று, அப்போது கூகுள் தேடல் பிரிவின் தலைவராக இருந்த, சென்னை ஐஐடியில் படித்த பிரபாகர் ராகவனே 2022-இல் சொன்னார். தமிழில் எழுத்தைவிட வீடியோவில்தான் பல செய்முறைகள் கிடைக்கின்றன என்பதும் உண்மை. யூடியூப் வீடியோவின் விளக்கப் பகுதியில் டிரான்ஸ்கிரிப்ட் (பேசியதன் எழுத்து வடிவம்) இருந்தால் திறந்து, வேண்டிய சொல்லை அதற்குள் தேடுங்கள். நாற்பது நிமிட வீடியோவில் உங்களுக்கு வேண்டிய இரண்டு நிமிடம் உடனே அகப்படும்.

படி 8: காணாமல் போன பக்கம்

கூகுள் தன் சேமிப்புப் பிரதியைக் காட்டும் வசதியை 2024-இல் எடுத்துவிட்டது. இப்போது நம்பியிருக்க வேண்டியது இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினை. பக்கத்தின் முகவரியை அங்கே ஒட்டினால் வருடவாரியாகச் சேமித்த பிரதிகள் வரும். முக்கியமான அறிவிப்பைப் பார்த்தால் அந்தத் தளத்திலேயே "சேவ் பேஜ் நவ்" என்பதை அழுத்தி நீங்களே சேமித்து வைக்கலாம்.

படி 9: பணமும் பாதுகாப்பும்

வங்கியின், கூரியர் நிறுவனத்தின், கேஸ் ஏஜென்சியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடல் முடிவிலிருந்து எடுக்காதீர்கள். மோசடி செய்பவர்கள் விளம்பரமாகவும் வரைபடக் குறிப்பாகவும் தங்கள் எண்ணைப் போட்டு வைக்கிறார்கள். ஏஐ சுருக்கமும் அதே பக்கங்களிலிருந்துதான் எடுக்கிறது. கார்டின் பின்புறம், பாஸ்புக், பில், அல்லது அந்த நிறுவனத்தின் செயலி, இவற்றில் அச்சிட்ட எண்ணை மட்டும் எடுங்கள். "ஸ்பான்சர்டு" என்று மேலே எழுதியிருக்கும் முடிவு காசு கொடுத்து வந்தது. முதலில் வருவதால் அதுதான் சரியானது என்று வீட்டில் பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உட்கார வைத்து ஒருமுறை காட்டிக் கொடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

தேடிய சொற்களும் நம்மைப் பற்றிச் சொல்லிவிடும். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் மட்டும் போட்டு ஆய்வுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே நிருபர்கள், தேடிய சொற்களை மட்டும் வைத்து ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். ஏஐ-யிடம் நாம் இன்னும் நீளமாக, இன்னும் அந்தரங்கமாகப் பேசுகிறோம். ஆகவே சொத்துக் கேள்வியைக் கேட்கும்போது பத்திரத்தின் படத்தை ஏற்ற வேண்டாம். பெயர், சர்வே எண், ஆதார் எண் எதுவும் இல்லாமல், "அப்பா 1998-இல் இறந்தார், பாகப்பிரிவினை நடக்கவில்லை, இரண்டு மகள் ஒரு மகன்" என்று விவரத்தை மட்டும் எழுதினால் பதிலுக்கு எந்தக் குறைவும் வராது. அந்தப் பதிலில் வந்த பிரிவையும் தீர்ப்பின் பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு.